மைனருடைய பங்கு

ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அவர்கள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "மனை கோயிலோடதா, பட்டா மனையா?" பத்து வருடங்களுக்கு முன்பு நாங்கள் வீடு தேடிக்கொண்டிருந்தபோது, பால் ஊற்றுகிறவரில் தொடங்கி நான் வேலை பார்க்கும் புத்தூர்ப் பள்ளியின் தலைமையாசிரியை வரை அத்தனை பேரும் அதைத்தான் கேட்டார்கள். கட்டடம் நம்முடையதாக இருக்கும், கீழே இருக்கும் மண் நம்முடையதாக இருக்காது, பிறகு விற்கவும் முடியாது, கடன் வாங்கவும் முடியாது என்று ஆளாளுக்கு ஒரு உறவினர் கதை சொன்னார்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் உலகத்தில் வேறு வில்லங்கமே கிடையாது என்கிற நினைப்பு வந்துவிட்டது.

அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சின்னத் தெருவில் ஒரு வீடு அமைந்தது. என் கணவர் தாலுகா ஆபீசுக்கு ஆறு முறை நடந்தார். சர்வே எண், பழைய பட்டா, புதுப் பட்டா, எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். ஏழாவது முறை போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பட்டா மனைதான். சுத்தம்" என்றார். அன்று மாலை மகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வெளியே போய்ச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு நாங்கள் எதையுமே சரியாகக் கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பா, பக்கத்து வீட்டுச் சாக்கடை நம் சுவரை ஒட்டி ஓடுகிறதா, காவிரியில் வெள்ளம் வந்தால் தெரு மூழ்குமா என்றெல்லாம்தான் விசாரித்தோம்.

விற்றவர் ஒரு விதவைப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அவருடைய கணவர் லாரி மோதி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வீடு அந்த மனிதர் தன் சம்பாத்தியத்தில் கட்டியது, அவர் பெயரில் மட்டும் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். பத்திர எழுத்தர் விரலை மடக்கி எங்களுக்குக் கணக்குச் சொன்னார்.

"வாரிசு ரெண்டே பேரு. அம்மா, பொண்ணு. பொண்ணு மைனர். மைனருக்கு அம்மாதான் கார்டியன். ஆக அம்மா கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது சார். நாலு அண்ணன் தம்பி இருக்கற சொத்தைப் பார்க்கறீங்களே, அதுமாதிரி இழுபறி ஒண்ணும் இதுல கிடையாது."

பதிவு நாளில் அந்தப் பெண் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கையெழுத்துப் போட்டார். தனக்காக ஒன்று, மகளுக்காக ஒன்று. நான் கணக்கு டீச்சர். இரண்டு பங்கு, இரண்டு கையெழுத்து, விடை சரியாக வருகிறது என்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரத்தில் "மைனரின் கல்வி, பராமரிப்பு மற்றும் நலன் கருதி" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது, எவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்கிறார் என்றுகூட நினைத்தேன். இறந்தவருடைய இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மகளின் பிறந்த தேதிக்கான நகல் என்று எல்லாவற்றையும் ஒரு பச்சைக் கோப்பில் வைத்துக் கொடுத்தார்கள். அசல் எல்லாம் வாங்குகிறவரிடம்தான் இருக்க வேண்டும் என்றார் பத்திரம் எழுதியவர். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. உறையூரில் தன் அக்காள் வீட்டு மாடிக்குக் குடிபோவதாக மட்டும் சொன்னார்.

பத்து வருடம் அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை.

இந்த வருடம் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். கோயம்புத்தூரில் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக்கடனுக்குப் போனோம். தொகை பெரிது என்பதால் வீட்டுப் பத்திரத்தைப் பிணையாகக் கேட்டார்கள். கொடுத்தோம். வங்கிக்காகப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வக்கீல் ஒரு இளம்பெண். கன்டோன்மென்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் அவருடைய அலுவலகம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கூப்பிட்டு, "மேடம், நேர்ல ஒரு தடவை வர்றீங்களா? சாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அன்று மாலையே இருவரும் போனோம்.

எங்கள் பச்சைக் கோப்பு அவர் மேசைமேல் பிரிந்து கிடந்தது.

"வாங்கும்போது யார்கிட்ட லீகல் ஒப்பினியன் பார்த்தீங்க?"

"எல்லார்கிட்டயும் கேட்டோம்ங்க" என்றார் என் கணவர்.

"எல்லார்கிட்டயும்னா? வக்கீல் யாரு?"

வக்கீல் யாரும் இல்லை. பட்டா சுத்தமாக இருந்ததே!

அவர் பென்சிலால் அந்த வரியைச் சுற்றினார். "மைனரின் நலன் கருதி. இந்த வரி எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும் மேடம். எழுதிட்டாப் போதுமா? அப்பா சொத்துல பொண்ணுக்குப் பாதி. அந்தப் பாதியை அம்மா விக்கணும்னா கோர்ட்ல முன் அனுமதி வாங்கியிருக்கணும். வாங்கலை. அதனால இந்த விற்பனையில அந்தப் பொண்ணோட பங்கு மட்டும் ஆட்டம்தான். செல்லவே செல்லாதுன்னு இல்ல. ஆனா அவ நினைச்சா செல்லாததா ஆக்கலாம்."

"பத்து வருஷம் ஆச்சேங்க" என்றேன்.

"அவளுக்குப் பதினெட்டு ஆனதுலேருந்து மூணு வருஷம் டைம். இருபத்தோரு வயசு வரைக்கும் கேஸ் போடலாம்." பிறந்த தேதி நகலைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் நாலரை மாசம் இருக்கு."

என் கணவர் தண்ணீர் கேட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டார். வக்கீல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வழி இருக்கு சார். அந்தப் பொண்ணு இப்ப மேஜர். அவளைப் பிடிச்சு, 'எங்க அம்மா வித்தது எனக்குச் சம்மதம்'னு ஒரு ஒப்புதல் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு பண்ணலாம். ஆனா அதுக்கு அவகிட்ட விஷயத்தைச் சொல்லணும். இதுவரைக்கும் தெரியாதவளுக்கு நாமளே போய்ச் சொன்ன மாதிரி ஆயிடும்."

"இன்னொண்ணு?"

"நாலரை மாசம் சும்மா இருக்கறது." அவர் என்னைப் பார்க்காமல் கோப்பைக் கட்டி எங்கள் பக்கம் நகர்த்தினார். "பேங்குக்கு நான் இருக்கறதைத்தான் எழுதுவேன். அதுக்கு மேல உங்க விருப்பம்."

வெளியே வந்ததும் என் கணவர் முடிவு செய்துவிட்டார். முதல் வருடக் கட்டணத்துக்கு என் வளையல்களை அடகு வைக்கலாம், தீபாவளிக்குள் கெடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு இதே கடனை வாங்கிக்கொள்ளலாம், அதுவரை இந்தப் பேச்சை வீட்டில்கூட எடுக்கக் கூடாது. "நாமளா போய் யாரையும் ஏமாத்தலை. முழு விலை குடுத்துத்தான் வாங்கினோம். வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து நான் எண்ண ஆரம்பித்தேன். நூற்று முப்பத்தாறு நாள். சமையலறைக் காலண்டரில் தாள் கிழிக்கும்போது மனதுக்குள் ஒன்று கழிப்பேன். முகம்கூட நினைவில்லாத ஒரு பெண்ணின் பிறந்த நாளை, என் மகளுடையதைவிடக் கவனமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸில் இருபது வயது மதிக்கத்தக்க எந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். தபால்காரர் பதிவுத் தபால் என்று எங்கள் தெருவில் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். வகுப்பில் கரும்பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். பின் பெஞ்சுப் பெண்கள் சிரிப்பார்கள்.

"என்னம்மா, காலண்டர்ல என்ன படம் ஓடுது? அதையே பாத்துட்டு நிக்கற" என்றாள் என் மகள். கோயம்புத்தூருக்குக் கிளம்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அமாவாசை என்னைக்குன்னு பார்த்தேன்டி."

"உனக்கு எப்பலேருந்து அமாவாசை எல்லாம்?"

அவள் இருக்கும் வீடு பாதிதான் நமதோ என்னவோ என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எண்ண ஆரம்பித்ததிலிருந்து எண்பத்தொன்பதாவது நாள், சனிக்கிழமை காலையில், அந்தப் பெண்ணே வந்தாள்.

நான் சாப்பாட்டு மேசைமேல் கோப்பை வைத்து, எத்தனையாவது முறையோ, பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தால் வரி மாறிவிடும் என்பதுபோல. கேட் சத்தம் கேட்டு எழுந்து போனேன். சுடிதார், தோளில் கல்லூரிப் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"ஆன்ட்டி, நான் இந்த வீட்டுல முன்னாடி இருந்தவங்க பொண்ணு. அம்மா பேரு சொன்னா தெரியும்." பெயரைச் சொன்னாள். சொல்லத் தேவையே இருக்கவில்லை. கேட்டின் கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

அவள் வந்த காரணம் வேறு. அவளுடைய அப்பா விபத்தில் இறந்ததற்குக் கோர்ட் ஒரு இழப்பீடு கொடுத்திருந்தது. மைனரின் பங்கு என்று அவளுக்கு உரியதை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது பி.எட். சேரப்போகிறாள், அதை எடுக்க மனுப் போட வேண்டும், வக்கீல் வாரிசுச் சான்றிதழின் அசலைக் கேட்கிறார்.

"வீடு வித்தப்ப உங்ககிட்ட குடுத்துட்டதா அம்மா சொன்னாங்க. ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா கோர்ட்ல காட்டிட்டுப் பத்திரமாத் திருப்பிக் குடுத்துடறேன் ஆன்ட்டி."

என் மூளை அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. வக்கீல் சான்றிதழைப் பார்ப்பார். வாரிசு இரண்டு பேர் என்று அதில் இருக்கும். இது ஏன் உங்களிடம் இல்லை, வீடு என்ன ஆயிற்று என்று கேட்பார். கோர்ட் அனுமதி வாங்கினார்களா என்று அடுத்த கேள்வி கேட்பார். வங்கியில் கிடக்கும் மைனர் பணத்தை எடுக்கவே மனுப் போடச் சொல்கிற கோர்ட் அல்லவா அது.

"அது லாக்கர்ல இருக்கும்மா" என்றேன். "வீட்டுல இல்ல."

"பரவாயில்ல ஆன்ட்டி. எப்ப வரட்டும்?"

"தீபாவளி கழிச்சு வாயேன்."

அவள் ஒரு கணம் விழித்தாள். "அவ்ளோ நாளாகுமா? மனு அடுத்த மாசம் போடணும்..."

"எங்களுக்கும் லோன் வேலை ஓடிக்கிட்டிருக்கு. பேங்க்ல பேசணும். நான் சொல்றேன்."

அவள் தன் போன் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கேட்டுக்கு மேல் நீட்டினாள். என் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தாள். உள்ளே மேசைமேல், மின்விசிறிக் காற்றில், அந்தச் சான்றிதழின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். "கரெக்டாத்தான் சொல்லியிருக்க" என்றார். பிறகு ரொம்ப நேரம் தொலைக்காட்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது அணைந்திருந்தது.

பதினோரு நாள் கழித்து அவள் போன் செய்தாள். ஆசிரியர் அறையில் இருந்தேன். வங்கி வக்கீலை மறுபடி பார்க்கப் போவதற்காகக் கோப்பைக் கைப்பையில் வைத்திருந்தேன்.

"ஆன்ட்டி, உங்களுக்குச் சிரமம் வேணாம். சான்றிதழ் நம்பர் மட்டும் சொன்னீங்கன்னா தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து நகல் எடுத்துக்கலாம்னு சொல்றாங்க."

இருபத்து மூன்று வருடமாக டீச்சர் வேலை பார்க்கிறேன். ஒரு பெண் ஒரு எண்ணைக் கேட்டால் என் கை தானாகவே தாளைத் தேடும். பையைத் திறந்தேன், கோப்பைப் பிரித்தேன், சான்றிதழை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். தேதியையும் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். "கரெக்ட்" என்றேன்.

கோப்பை மூடும்போதுதான் எனக்கு உறைத்தது.

"லாக்கர்ல இல்லையா ஆன்ட்டி?" என்றாள் அவள். கோபமே இல்லை. சந்தேகம் கேட்கும் மாணவியின் குரல்.

"நாளைக்கு நானே கொண்டாந்து தரேன்" என்றேன். "எங்க வரட்டும்?"

மறுநாள் கிளம்பும்போது என் கணவர் வாசல் வரை வந்தார். "பேப்பரைக் குடு. லாக்கர் சாவியைத் தேடினேன், அது இதுன்னு ஏதாவது சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காத. உன் பொண்ணை நினைச்சுக்கோ." சரி என்றேன். உண்மையாகவே அதைத்தான் செய்வதாக இருந்தேன்.

சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில் சந்தித்தோம். சான்றிதழைக் கொடுத்தேன். அவள் அதைப் படித்தாள். அப்பாவின் பெயரில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு உறைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் ஆன்ட்டி பொய் சொன்னீங்க? இதுல என்ன இருக்கு?"

லாக்கர் சாவி என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. எதிரில் இருந்தவள் என் பள்ளியில் படித்திருந்தால் ஐந்து வருடம் முன்பு என் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். நான் சொல்லிவிட்டேன். அவள் அப்பா, அவள் பங்கு, கோர்ட் அனுமதி, வங்கி வக்கீல் சொன்ன ஒப்புதல் பத்திரம், எல்லாம். டீ ஆறிப்போயிற்று.

அவள் அழவில்லை, கத்தவில்லை. வரிசையாகக் கேள்வி கேட்டாள்.

"பாதி வீடா?"

"பாதி."

"நான் கேஸ் போட்டா ஜெயிச்சுடுவேனா?"

"ஜெயிக்கலாம்னுதான் சொன்னாங்க."

"எதுவரைக்கும் போடலாம்?"

"உன்னோட இருபத்தோராவது பிறந்த நாள் வரைக்கும்."

அவள் போனில் காலண்டரைத் திறந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "அதான் தீபாவளி கழிச்சு வரச் சொன்னீங்களா?"

என் ஐம்பது வயதில் நான் அப்படித் தலைகுனிந்ததில்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் எங்க வக்கீல்கிட்ட கேட்கணும். இப்ப எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள். தன் டீக்கு அவளே காசு கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது ஆற்றைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "வீட்டைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கற." பிறகு ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஏழாவது நடை அவர் நடந்தது.

அதன்பிறகு வந்த நாட்களில் பயத்துக்கு ஒரு வடிவம் வந்துவிட்டது. அதற்கு முன்பு, அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்பது பயம். இப்போது அவளுக்குத் தெரியும். சம்மன் வரும், கோர்ட் வாசலில் நிற்போம், வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பும், எந்த அறையில் எழும்பும், என் மகளின் அறையிலா என்றெல்லாம் நினைப்பேன். ராத்திரிகூட இல்லை, பட்டப்பகலில், அரிசி களைந்துகொண்டிருக்கும்போது நினைப்பேன். இந்தப் பாழாய்ப்போன நேர்மையால் யாருக்கு என்ன லாபம் என்றும் நினைத்தேன். அதை நேர்மை என்று சொல்லக்கூட முடியாது. மாட்டிக்கொண்டதால் சொன்னவள் நான்.

பேக்கரியில் சந்தித்ததிலிருந்து பத்தொன்பதாவது நாள் மாலை அவளிடமிருந்து போன் வந்தது.

"ஆன்ட்டி, வக்கீல்கிட்ட பேசிட்டேன். கேஸ் போட்டா கண்டிப்பா ஏதாவது கிடைக்கும்னு சொல்றாரு. மனு டைப் பண்ணியே காட்டிட்டாரு."

"சரிம்மா" என்றேன்.

"அதுல முதல் பிரதிவாதி எங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் அதுக்கு அப்புறம்தான். மைனரின் நலனுக்கு விரோதமா, சுயலாபத்துக்காக வித்துட்டாங்கன்னு அம்மாவைப் பத்தி எழுதியிருக்கு. அப்படி எழுதினாத்தான் கேஸ் நிக்குமாம். நான் கையெழுத்துப் போட்டு, கூண்டுல ஏறி, அதை என் வாயால சொல்லணுமாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தப் பணத்தை அம்மா என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி. நான் கேட்டதில்ல. மாமாவுக்குக் குடுத்தாங்களோ, எனக்கு ஃபீஸ் கட்டினாங்களோ, கடனை அடைச்சாங்களோ. அதை ஒரு ஜட்ஜ் முன்னாடி வச்சுக் கேட்கறதுக்கு என்னால முடியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க சொன்ன ஒப்புதல் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுத் தரேன். உங்களுக்காக இல்ல. அதைப் புரிஞ்சுக்கோங்க."

"புரியுதும்மா."

"இன்னொண்ணு. அம்மாவுக்குத் தெரிய வேணாம். எப்பவுமே."

வங்கி வக்கீல் ஒப்புதல் பத்திரம் எழுதினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு தொகை கொடுத்து அதைப் பத்திரத்திலும் காட்டுவதுதான் முறை, நாளைக்கு யாரும் ஏமாற்றி வாங்கியதாகச் சொல்ல முடியாது என்றார். என் கணவர் மறுக்கவில்லை. தன் சேமிப்பிலிருந்து, நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் காசோலையை வாங்கி இரண்டு முறை படித்தாள். "வேணாம்னு சொல்ற நிலைமையில நான் இல்ல" என்று பையில் வைத்துக்கொண்டாள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முகூர்த்த நாள் கூட்டம். மூன்று மணி நேரம் ஒரே பெஞ்சில், எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எப்போது எழுந்து போய்விடுவாளோ என்று அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை போன் வந்து வெளியே போனாள். அந்த ஐந்து நிமிடத்தில் என் கணவர் நான்கு முறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

எங்கள் முறை வந்தது. கேமராவில் படம் எடுத்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள். சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சியாம்மா?"

"படிச்சேன் சார்."

"உன் பங்குல இனிமே எந்த உரிமையும் கேட்க முடியாது. தெரியுமா?"

"தெரியும் சார்."

"யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கணவரின் கை என் முழங்கையை இறுக்கியது. பின்னால் வரிசையில் யாரோ "சீக்கிரம்மா" என்றார்கள். இல்லை என்று ஒரு சொல். அதற்குள் என் பத்து வருடம், என் மகளின் நான்கு வருடம், எல்லாம் கிடந்தன.

"இல்ல சார்" என்றாள். கையெழுத்துப் போட்டாள். அதன்பின் எங்கள் பக்கம் திரும்பாமலேயே வெளியே போய், வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கடன் கிடைத்தது. வளையல்கள் வீடு திரும்பின. என் மகளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. "பத்திரத்துல ஏதோ சின்னத் திருத்தம்" என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

போன வாரம், தீபாவளிக்கு முந்தின நாள், தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. அந்தப் பெண்ணின் அம்மா. பத்து வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். நான் அடுப்பை அணைத்தேன்.

"டீச்சருங்களா? வாரிசுச் சான்றிதழ் குடுத்து உதவினீங்களாம். கோர்ட்ல பணம் வந்துடுச்சுங்க. சொல்லணும்னு நினைச்சேன்."

"நல்லதுங்க. அதுல என்னங்க இருக்கு."

"நீங்க நல்லா இருக்கணும்." பிறகு அவர் போனை வைக்கவில்லை. பின்னால் உறையூர்த் தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "டீச்சர், ஒண்ணு கேட்கலாமுங்களா?"

"சொல்லுங்க."

"அவ உங்ககிட்ட வேற எதாச்சும் கேட்டாளாங்க?"

"எதைப் பத்திங்க?"

"வீட்டைப் பத்தி. நான் வித்ததைப் பத்தி. அந்தப் பணத்தை என்ன பண்ணேன்னு... இந்த மாதிரி."

சுவரில் சாய்ந்துகொண்டேன். இந்த அம்மாவும் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் நான்கரை மாதம் எண்ணினேன். அவர் பத்து வருடமாக.

"இல்லைங்க" என்றேன். "ஒண்ணுமே கேட்கலை."

"ஒண்ணுமே கேட்கலையா?"

"கேட்கலைங்க."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. நிம்மதியா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க" என்றார் கடைசியில். "யாரும் கேட்கலையே." அப்புறமும் அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.